ஒரு மனைவியின் சுற்றுலா விசா, இரண்டு ஃபைல்கள்: பெங்களூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன டிராவல் ஆபீசில் விசா ஃபைல் தயார் செய்வது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். 2025-இல் என் கையால் போன ஒரு ஃபைல் மறுக்கப்பட்டு, அதே வருடம் இன்னொரு ஃபைலாகப் போய் விசா கிடைத்த கதை இது. அந்தத் தம்பதியிடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர் எதுவும் இல்லை. போன நாட்டின் பெயரையும் விட்டுவிட்டேன். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 29-க்கும் குறுகிய கால விசாவுக்கு ஒரே சட்டம்தான், அதனால் எந்த நாடு என்பதால் இங்கே எதுவும் மாறாது.

கணவருக்கு 46 வயது. பீன்யாவில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 92,000 ரூபாய். மனைவிக்கு 41. ஆம்பூர் பக்கம் பிறந்து, 2006-இல் கல்யாணமாகி பெங்களூர் வந்தவர். மர்பி டவுனில் வாடகை வீடு. மகள் பியூசி படிக்கிறாள், மகன் பள்ளியில். கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார்.

மே மாதம் 5 முதல் 16 வரை ஒரு இயந்திரப் பயிற்சிக்காகக் கம்பெனி அவரை ஐரோப்பா அனுப்ப ஏற்பாடு செய்தது. அவருடைய பிசினஸ் விசாவைக் கம்பெனியே எடுத்துக் கொடுத்தது. ஒரு வருடத்துக்குப் பலமுறை போய்வரும் விசா. பயிற்சி முடிகிற சமயம் மனைவியையும் வரவழைத்துச் சில நாள் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இருவரும் சேர்ந்து போன தூரமான ஊர் ராமேஸ்வரம்.

பிப்ரவரி கடைசியில் அவர் மட்டும் ஆபீசுக்கு வந்தார். மனைவியின் பாஸ்போர்ட், ஆதார், இரண்டு போட்டோ எல்லாம் ஒரு கவரில். மனைவி வரவில்லை. வரச் சொல்லி நானும் கேட்கவில்லை.

முதல் ஃபைல்

விதிப்படி வேண்டியதெல்லாம் அந்த ஃபைலில் இருந்தது. விண்ணப்பப் படிவம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போக வர விமான முன்பதிவு, ஹோட்டல் முன்பதிவு, மனைவியின் வங்கி ஸ்டேட்மென்ட், கணவரின் பேஸ்லிப், ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு), செலவை அவர் ஏற்பதாகச் சொல்லும் ஸ்பான்சர் லெட்டர், கல்யாணச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், கவரிங் லெட்டர். பட்டியலை வைத்து டிக் அடித்தால் ஒன்றும் குறையாது.

தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ் வைஃப்’ என்று போட்டேன். கணவர் அப்படித்தான் சொன்னார். கவரிங் லெட்டர் என்னிடம் ஏற்கெனவே இருந்த மாதிரியிலிருந்து எடுத்தது, பெயரும் தேதியும் மட்டும் மாற்றினேன்.

மனைவியின் கணக்கில் 18,400 ரூபாய் இருந்தது. “அக்கா பேர்ல இருக்குற அக்கவுண்ட்ல கொஞ்சம் காட்டுங்க சார்” என்று சொன்னது நான்தான். கணவர் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சமும் அண்ணனிடம் கைமாற்றாக வாங்கிய இரண்டு லட்சமும் சேர்த்து, மார்ச் 17-ஆம் தேதி மூன்று லட்சம் போட்டார். மார்ச் 25-ஆம் தேதி அப்பாயின்ட்மென்ட். ஸ்டேட்மென்டில் அந்த மூன்று லட்சம் கடைசி வரிக்கு இரண்டு வரி மேலே தனியாக நின்றது. இந்த ஆய்வில் முதலில் பதிவு செய்ய வேண்டிய தவறு இதுதான். இதை அவர்கள் செய்யவில்லை, நான் செய்ய வைத்தேன்.

விண்ணப்ப மையத்தில் கைரேகை எடுக்கும்போது மனைவியின் வலது ஆள்காட்டி விரல் மூன்று முறை பதியவில்லை. விரல் நுனி முழுக்க ஊசி குத்திக் காய்த்துப் போயிருந்தது. ஈரத்துணியால் துடைத்து நான்காவது முறை வைத்த பிறகுதான் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அன்று இரவு கணவர் இதைப் போனில் சாதாரணமாகச் சொன்னார், நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். ஃபைலில் ‘ஹவுஸ் வைஃப்’ என்று இருக்கும் ஒருவருக்கு விரல் ஏன் அப்படி ஆனது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுப்பு

பதினெட்டாம் நாள், ஏப்ரல் 12 சனிக்கிழமை, பாஸ்போர்ட் திரும்பி வந்தது. இரண்டு நாளில் சித்திரை முதல் தேதி. கவரைப் பிரித்தது மகள்.

ஷெங்கன் மறுப்புக் கடிதம் எல்லா நாட்டிலும் ஒரே படிவம். காரணங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும், பொருந்துவதற்கு மட்டும் டிக் போட்டு அனுப்புவார்கள். இதில் இரண்டு டிக். பயண நோக்கமும் தங்கும் விவரமும் பற்றித் தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்பது ஒன்று. விசா காலம் முடிவதற்குள் திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது மற்றொன்று. போதிய பணம் இல்லை என்ற கட்டத்தில் டிக் இல்லை.

விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் 11 முதல் இதுதான், அதற்கு முன் 80). மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. மையத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்குப் பத்தாயிரம் அளவில் போயிற்று. கணவர் மே மாதம் தனியாகப் போய்ப் பயிற்சியை முடித்துத் திரும்பினார். அண்ணனின் இரண்டு லட்சம் ஏப்ரல் மாதமே திரும்பப் போய்விட்டது.

‘நேரம் சரியில்ல, திரும்பப் போட்டுப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் சுலபம். இந்த முறை அப்படிச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அந்த மனைவிதான். திங்கள், புத்தாண்டு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை அவரே நேரில் வந்தார். ஃபைலின் பிரதியை மகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்திருக்கிறார்.

“தம்பி, நான் வேலை செய்யுறது இந்தப் பேப்பர்ல எங்கயுமே இல்லையே?”

என்ன வேலைக்கா என்று கேட்டேன். பிளவுஸ் தைப்பதும் ஆரி வேலைப்பாடும். பதிமூன்று வருடமாக. “போன தீபாவளிக்கு மட்டும் எழுபது பிளவுஸ் தம்பி.” அப்போதுதான் அந்த விரல் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஃபைலைப் பிரித்துப் பார்த்தபோது

அன்று மாலை பழைய ஃபைலை எடுத்து, விசா அதிகாரி படிக்கிற மாதிரி படித்துப் பார்த்தேன். தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்கிற பழக்கம் எனக்கு அதுவரை இல்லை. ஒவ்வொரு தாளும் தனியாகச் சரியா என்று மட்டும் பார்ப்பேன்.

கணவரின் கம்பெனிக் கடிதம் மே 17 அன்று அவர் இந்தியா திரும்புவதாகச் சொன்னது. மனைவியின் பயணத் திட்டம் மே 10 முதல் 21 வரை. கவரிங் லெட்டரோ இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னது. கணவர் 17-ஆம் தேதி கிளம்பிவிட்டால் 21 வரை இவர் யாரோடு சுற்றுவார்? 10 முதல் 16 வரை அவர் பயிற்சியில் இருக்கும்போது, ஆங்கிலம் அதிகம் பேசாத இவர் தனியாக என்ன செய்வார்? ஒரு வரி விளக்கம்கூட எங்கும் இல்லை. உண்மையில் கணவர் நான்கு நாள் லீவு எடுத்துக்கொள்வதாகத் தன் மேலாளரிடம் வாயால் பேசி வைத்திருந்தார். அது தாளில் வரவில்லை.

அப்புறம் ஹோட்டல். கணவர் தங்குவது கம்பெனியின் விருந்தினர் விடுதி. மனைவிக்கு நான் போட்டது அதே ஊரில் வேறொரு ஹோட்டல், ஒருவர் பெயரில், ரத்து செய்தால் காசு போகாத முன்பதிவு. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் வெவ்வேறு இடத்தில் தங்குவதாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் டிக்குக்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது டிக் இதைவிட மனதை உறுத்தியது. வேலை இல்லை, சொந்த வருமானம் இல்லை, திடீரென்று வந்து விழுந்த மூன்று லட்சம், குழந்தைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை, மாமியாரைப் பற்றி இல்லை. இந்த ஊருக்குத் திரும்பி வர இவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஃபைலில் பதில் இல்லை. மர்பி டவுனில் அவர் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேலை நடக்காது. நான் அனுப்பிய தாள்களில் அவர் கணவரின் ஃபைலோடு ஒட்டிய ஓர் இணைப்பாக மட்டும்தான் இருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மேல்முறையீடு வேண்டாம் என்று முடிவு செய்தோம். மறுப்புக் கடிதத்திலேயே அதற்கான வழி எழுதியிருக்கும், உரிமையும் உண்டு. ஆனால் அதிகாரி பார்த்தது நாங்கள் கொடுத்ததைத்தான், கொடுத்ததோ குழப்பம். தவறு எங்கள் பக்கம் இருக்கும்போது முடிவை எதிர்த்துப் போவதில் பொருளில்லை.

மே மாதப் பயணத்துக்கே உடனே மறுபடி போடலாமா என்று கணவர் கேட்டார். மறுக்கப்பட்டால் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று ஷெங்கன் விதியில் இல்லை. ஆனால் அந்த மூன்று லட்சம் ஸ்டேட்மென்டில் அப்படியே நிற்கும். பயணத் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகவாவது விண்ணப்பித்தாக வேண்டும், அதற்குள் சொந்தத் தாள்களைச் சேர்க்க நேரமும் இல்லை. கணவருக்கு அக்டோபர் கடைசியில் இன்னொரு வேலைப் பயணம் இருந்தது. அதற்கே போடலாம் என்றேன். அவருக்கு வருத்தம்தான். மனைவி மட்டும், “அதுவும் தீபாவளிக்கு அப்புறம்னாதான் தம்பி நான் வருவேன்” என்றார். தீபாவளி அக்டோபர் 20. தையல்காரருக்கு அதற்கு முந்திய ஒரு மாதம் மூச்சு விட நேரமிருக்காது. பயணத் தேதியை முதல் முறையாக அவருடைய வேலையை வைத்து முடிவு செய்தோம்: அக்டோபர் 31 கிளம்பி, நவம்பர் 9 திரும்புவது.

காட்டுவதற்காகப் பணம் போடுவது இல்லை என்பது அடுத்த முடிவு. அப்போது இன்னொன்று வெளியே வந்தது. மனைவி தன் பெயரில், பதிவு பெற்ற ஒரு சீட்டுக் கம்பெனியில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 25 மாதச் சீட்டு கட்டிக்கொண்டிருந்தார். பாஸ்புக் இருக்கிறது, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது இருக்கிறது. ஜூலையில் சீட்டு எடுத்தார். தள்ளுபடி, கமிஷன் போக 1,14,000 ரூபாய் அவர் கணக்கில் வந்தது. சொந்தப் பணம் இப்படி வந்துகொண்டிருக்கும்போது அடுத்தவர் பணத்தை இரவல் வாங்கிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். கேட்டிருந்தால் மார்ச்சிலேயே அந்தப் பாஸ்புக்கை வைத்திருக்கலாம்.

அளவு நோட்டு

தொழிலுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது அவர் ஒரு பை நிறைய நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆறு வருட அளவு நோட்டுகள். அதற்கு முந்தியவை வீடு மாறும்போது போய்விட்டனவாம்.

நீளக் கட்டு நோட்டு, பக்கத்துக்கு ஒரு ஆர்டர். மேலே தேதி, வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர். இடது பக்கம் உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கை சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து என்று அளவுகள். வலது பக்கம் புடவையின் ஓரத்திலிருந்து வெட்டிய விரலகலத் துணித் துண்டு, குண்டூசியால் குத்தியிருக்கும். கீழே கூலி, அட்வான்ஸ், பாக்கி. பணம் வந்து தீர்ந்த பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுப் பட்டு. இதைவிட நேர்மையான கணக்குப் புத்தகத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

நோட்டையும் ஜிபே வரவுகளையும் வைத்து, தெரிந்த கணக்காளர் ஒருவர் 2024-25 நிதியாண்டுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தார். சிறு தொழில்களுக்கான 44ஏடி பிரிவின்படி ஐடிஆர்-4 படிவம். அந்த முறையில் ரொக்க வரவில் 8 சதவீதமும் டிஜிட்டல் வரவில் 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்ட வேண்டும், கூடுதலாக இருந்தால் கூடுதலைக் காட்டலாம். யுபிஐ வழியாக 2,36,000, ரொக்கமாக 1,48,000, மொத்தம் 3,84,000 ரூபாய் வரவு. நூல், லைனிங், ஜர்தோசி, உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் போக நின்றது 2,10,000. புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை வரி இல்லை என்பதால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. கணவர், “கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாமா?” என்றார். வேண்டாம் என்றது மனைவி. நோட்டில் இல்லாததைப் போட முடியாது என்பதில் அவர் கறாராக இருந்தார்.

ஜூன் மாதம் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்தோம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே முடியும். மறுப்பு வந்த பிறகு எடுத்த சான்றிதழ் விசாவுக்காகவே எடுத்தது போலத் தெரியுமே என்று எனக்குத் தயக்கம் இருந்தது. அதனால் ஒளிக்காமல், தொழில் பழையது, பதிவு புதியது என்று கடிதத்திலேயே எழுதிவிட்டோம். கூடவே 2019 முதல் வருடத்துக்கு இரண்டு பக்கமாக அளவு நோட்டின் ஜெராக்ஸ் பன்னிரண்டு தாள்கள், சின்ன விளக்கக் குறிப்போடு. வாடிக்கையாளர்களின் போன் நம்பரையும் உடல் அளவுகளையும் வெள்ளைத் தாள் வைத்து மறைத்துத்தான் ஜெராக்ஸ் எடுத்தோம். அது அவர் கேட்டுக்கொண்டது. “அவங்க என்னை நம்பிக் கொடுத்த அளவு தம்பி.”

பெயர் பட்ட பாடு

தமிழ்க் குடும்பங்களின் ஃபைலில் இது ஏறக்குறைய எப்போதும் வரும். அவருடைய பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர். வங்கிக் கணக்கில் கணவரின் இனிஷியல். ஆதாரில் கணவரின் முழுப்பெயர். கல்யாணச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். நமக்கு இதில் ஒரு குழப்பமும் தெரியாது. இனிஷியல் மாறினால் கல்யாணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். குடும்பப் பெயர் வைத்தே ஆளை அடையாளம் காணும் ஊரில் படிப்பவருக்கு இது நான்கு வெவ்வேறு பெண்கள்.

இதற்கு மேல், அவர் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அது ஆங்கில ‘எல்’ ஆகியிருந்தது. கல்யாணச் சான்றிதழ் தமிழ்நாட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் தமிழில் கையால் எழுதியது. முதல் முறை அதை மொழிபெயர்த்தவர் ழகரத்துக்கு முறையாக ‘இசட்-ஹெச்’ போட்டிருந்தார். மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் சரி, ஃபைலாகப் பார்த்தால் வேறு ஒரு பெயர். நான் அதைப் படித்துப் பார்க்காமலே பின் அடித்து வைத்திருந்தேன்.

இந்த முறை பாஸ்போர்ட் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கச் சொன்னோம். எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டைப் பின்பற்றியது என்று மொழிபெயர்ப்பாளரே கீழே குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். நான்கு ஆவணங்களிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று இ-ஸ்டாம்ப் தாளில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினோம். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருந்தது பெரிய உதவி. முதல் ஃபைலில் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸே இல்லை.

இரண்டாவது ஃபைல்

எல்லாத் தேதிகளையும் முதலில் ஒரே தாளில் எழுதினோம். கணவர் அக்டோபர் 22 கிளம்புகிறார், வேலை 31 வெள்ளிக்கிழமை முடிகிறது. மனைவி அன்றிரவு கிளம்பி நவம்பர் 1 சனிக்கிழமை இறங்குகிறார். 9-ஆம் தேதி ஞாயிறு இருவரும் ஒரே விமானத்தில் திரும்புகிறார்கள். கம்பெனி இந்த முறை எழுத்திலேயே கொடுத்தது: 31 வரை வேலை, நவம்பர் 3 முதல் 7 வரை லீவு, 10-ஆம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும். ஹோட்டல் எல்லாம் இருவர் பெயரிலும். ஐந்து ஊர் என்று போட்டிருந்த பழைய திட்டத்தை இரண்டு ஊராகக் குறைத்தோம். ஐந்து ஊர் என்பது என்னுடைய மாதிரித் தாளில் இருந்து வந்தது, அவர்கள் கேட்டது இல்லை.

செலவுக்கு மனைவியின் ஆறு மாத ஸ்டேட்மென்ட், சீட்டுப் பாஸ்புக், கணவரின் ஸ்டேட்மென்ட், அவர் பெயரில் இருந்த வைப்புத்தொகை ரசீது, ஸ்பான்சர் லெட்டர். இங்கே திரும்பி வருவதற்குப் பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், நவம்பர் 23 கல்யாணம் ஒன்றுக்கு வாங்கியிருந்த 14 ஆரி பிளவுஸ் ஆர்டரின் பக்கம், அதற்கு வந்த அட்வான்ஸின் யுபிஐ ரசீது. கல்யாணப் போட்டோ ஒன்று, குடும்பப் போட்டோ இரண்டு. சிலர் ஆல்பத்தையே பிரதியெடுத்து வைப்பார்கள், அது தேவையில்லை.

கவரிங் லெட்டரை நான் எழுதவில்லை. அவர் தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். ஒரு பக்கம்தான். பதிமூன்று வருடமாக வீட்டில் தைக்கிறேன். கணவர் வேலைக்கு வரும் ஊரை அவரோடு பார்க்க ஆசை. பிள்ளைகள் மாமியாரோடு இருப்பார்கள். 23-ஆம் தேதிக் கல்யாணத்துக்குப் பிளவுஸ் கொடுத்தாக வேண்டும், அதனால் 9-ஆம் தேதிக்கு மேல் தங்க முடியாது. கடைசிப் பத்தியில் ஏப்ரலில் மறுக்கப்பட்டதையும், முதல் ஃபைலில் தேதிகள் ஒத்துப்போகாததையும், தொழிலைக் குறிப்பிடாததையும், வந்து போன மூன்று லட்சம் குடும்பத்தில் வாங்கிய கைமாற்றும் சேமிப்பும் என்பதையும் நேராகச் சொல்லியிருந்தது. மறுப்பு விவரம் ஷெங்கன் நாடுகளின் பொதுவான விசா தகவல் அமைப்பில் ஐந்து வருடம் இருக்கும், மறைத்துப் பயனில்லை. அதைவிட, மறைக்க எதுவும் இல்லாத ஃபைல் ஒன்றை அனுப்ப வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் இருந்தது. நான் திருத்தியது இரண்டு இடத்தில் இலக்கணம் மட்டும்.

என்ன ஆயிற்று

செப்டம்பர் 16 அப்பாயின்ட்மென்ட். கைரேகை ஒருமுறை எடுத்தால் 59 மாதத்துக்குச் செல்லும் என்பதால் இந்த முறை விரல் பிரச்சினை வரவில்லை. இரண்டு வாரத்தில், செப்டம்பர் 30 அன்று பாஸ்போர்ட் விசாவோடு வந்தது. மறுநாள் ஆயுத பூஜை. தையல் மெஷினுக்கும் ஆரி சட்டத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் பாஸ்போர்ட்டையும் வைத்துக் கும்பிட்ட போட்டோவை மகள் எனக்கு அனுப்பினாள்.

ஒருமுறை மட்டும் நுழையும் விசா. அக்டோபர் 31 முதல் நவம்பர் 24 வரை செல்லுபடி, தங்கும் நாட்கள் 10. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 24 வரை என்பது பயணம் தள்ளிப்போனால் சமாளிக்கத் தரும் பதினைந்து நாள் அவகாசம்தான், அங்கே இருக்கலாம் என்று அனுமதித்தது பத்து நாள் மட்டும். இதை அவரை உட்கார வைத்து ஸ்டிக்கரைக் காட்டியே சொன்னேன்.

நவம்பர் 1 அன்று முதல் முறையாகத் தனியாக விமானத்தில் போய் இறங்கினார். எல்லைச் சோதனையில் எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கையில் இருந்த ஃபைலில் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினாராம். மகள் எழுதினாலும் சொன்னது அவர் என்பதால் எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 9-ஆம் தேதி இருவரும் திரும்பினார்கள். பதினான்கு பிளவுஸும் 21-ஆம் தேதியே போய்விட்டன.

இனி மாற்றிச் செய்வது

விசா கொடுக்கும்போது காரணம் எழுதித் தர மாட்டார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. என் கணிப்பில், ஒத்துப்போன தேதிகளும் அவருடைய தொழிலுமே பெரிய காரணங்கள். பணம் அதற்கு அடுத்துதான். முதல் முறையே பணக் கட்டத்தில் டிக் விழவில்லை என்பதை வைத்துச் சொல்கிறேன்.

இப்போது துணைவருக்கான ஃபைல் என்றால், விண்ணப்பிப்பவரோடு நேரில் ஒரு மணி நேரம் பேசாமல் படிவத்தைத் திறப்பதில்லை. கணவரோ மனைவியோ கூட இருக்கலாம், ஆனால் பதில் சொல்வது விண்ணப்பிப்பவராக இருக்க வேண்டும். காலையில் எழுந்தது முதல் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். ‘சும்மா வீட்டுலதான்’ என்று ஆரம்பிப்பவர்களில் பலர் டியூஷன் எடுக்கிறார்கள், இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறார்கள், சீட்டுக் கணக்கு பார்க்கிறார்கள். யாரையும் பணம் போட்டுக் காட்டச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அப்படித்தான் வேண்டும் என்று கேட்டு வருபவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன், ஆபீசுக்கு அதில் கொஞ்சம் நஷ்டம்தான். ஃபைல் போவதற்கு முந்தின நாள் தாள்களையெல்லாம் தரையில் பரப்பி, தேதி, ஊர், பெயர் மூன்றையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மறுப்பு ஒன்று வந்தால் அது அந்தப் பயணத்தோடு முடிவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டன், கனடா படிவங்களில் வேறு நாட்டு மறுப்பையும் கேட்பார்கள், உண்மையைத்தான் எழுத வேண்டும். இந்த அம்மா இனி அப்படிக் கேட்கும் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் 2025 ஏப்ரலை எழுதியாக வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் நான் அவரிடம் பேசியிருந்தால் அது இருந்திருக்காது.

பெயர் வேலை இன்னும் முடியவில்லை. எல்லா ஆவணத்தையும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி மாற்றுவது என்று முடிவெடுத்து, டிசம்பரில் மனு கொடுத்தார். வங்கியில் மாறிவிட்டது. ஆதாருக்கு முதல் மனு திரும்பி வந்துவிட்டது, பிரமாணப் பத்திரத்தோடு பாஸ்போர்ட் பிரதியும் வைத்து இரண்டாவது மனு போயிருக்கிறது.